மங்கிய ஒளியில் கிடைத்த ஏழு கோள்கள்!

குழந்தைகளே, இரவில் தெருவிளக்கைச் சுற்றிப் பூச்சி பறப்பதைப் பார்த்திருப்பீர்கள். பூச்சி குறுக்கே வரும்போது விளக்கின் வெளிச்சம் துளியளவு குறையும். விளக்கு வெகுதொலைவில் இருந்தால் பூச்சி தெரியாது. ஆனால், வெளிச்சம் குறைவதை நுட்பமான கருவியால் அளந்துவிடலாம். தொலைதூர நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களில் பலவற்றை விஞ்ஞானிகள் இப்படித்தான் கண்டுபிடிக்கின்றனர்.

நம் சூரியனுக்குக் குறுக்கே வெள்ளிக் கோள் எப்போதாவது கடந்து போகும். 2004 ஜூன் 8ம் தேதி அப்படிக் கடந்தபோது, காட்டுமன்னார்கோயிலில் சிறிய தொலைநோக்கி மூலம் சூரியனின் பிம்பத்தை வெள்ளைத்தாளில் விழச்செய்து என் மாணவர்களுக்குக் காட்டினேன். மிளகு போல ஒரு கறுப்புப் பொட்டு! (சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, கண் போய்விடும்.)

இந்தக் காட்சிக்காகத் தவம் கிடந்தவர் பிரான்ஸ் நாட்டு வானியலாளர் லெ ஜாந்தி. 1761ல் கடலில் மாட்டிக்கொண்டார். ஆடும் கப்பலில் சரியாக அளக்க முடியவில்லை. அடுத்த வாய்ப்புக்கு எட்டு ஆண்டுகள் காத்திருந்தார். கடலூருக்கு வடக்கே உள்ள புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் அமைத்துத் தயாராக இருந்தார். 1769 ஜூன் 4ம் தேதி காலை, மேகம் சூரியனை மறைத்துவிட்டது. வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் வெயில் வந்தது!

ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் மேகமோ விடியலோ கெடுத்துவிடும். ஒருமுறை ஒளி மங்கினால் மட்டும் போதாது. அதே இடைவெளியில் திரும்பத் திரும்ப மங்கினால்தான் அது கோள். எனவே பல இடங்களில் இருந்தும் கவனிக்க வேண்டும்.

நாற்பது ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது 'டிராப்பிஸ்ட்-1' என்ற குட்டி நட்சத்திரம். சிலி நாட்டுத் தொலைநோக்கி ஒன்று, அதன் ஒளி நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு மங்குவதைக் கவனித்தது. லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள நமது இமாலய சந்திரா தொலைநோக்கியும் அதைக் கண்காணிக்க உதவியது. 2016ல் மூன்று கோள்கள் என்று அறிவித்தனர். பிறகு, மேகமே இல்லாத விண்வெளியில் இருந்து 'ஸ்பிட்சர்' தொலைநோக்கி சுமார் 20 நாட்கள் தொடர்ந்து பார்த்தது. மூன்றாவது கோள் என்று நினைத்தது, உண்மையில் பல கோள்கள் என்று தெரிந்தது. 2017 பிப்ரவரியில் எண்ணிக்கை ஏழானது!

நம் வெள்ளி அடுத்து சூரியனைக் கடப்பது 2117ல்தான். அந்த ஏழு கோள்களோ, சராசரியாக நாளுக்கு ஒருமுறைக்கு மேல் தங்கள் நட்சத்திரத்தைக் கடக்கின்றன. லெ ஜாந்தி கேட்டிருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார்!