பாட்டியிடம் "உண்டுவிட்டேன்" என்ற பேத்தி

அக்காள் மகள் சிங்கப்பூரில் தொடக்கநிலை ஐந்தில் படிக்கிறாள். போன டிசம்பர் விடுமுறைக்கு மன்னார்குடிக்கு வந்திருந்தாள். வந்த மறுநாள் காலை என் அம்மா, "சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்து, "ஆம் பாட்டி, நான் உண்டுவிட்டேன்" என்றாள். அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. "ராஜா ராணி நாடகம் மாதிரில்ல பேசுது!" என்று அடுக்களையிலிருந்த பெரியம்மாவையும் கூப்பிட்டுச் சொன்னார். பிள்ளைக்கு முகம் சுண்டிப்போயிற்று. அதற்கப்புறம் இரண்டு நாள், பாட்டி எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான் பதில்.

அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. ழகரம், ளகரம் எல்லாம் என்னைவிடச் சுத்தம். தமிழ்த் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குகிற பிள்ளை. ஆனாலும் சொந்தப் பாட்டியிடம் வாய் அடைத்துப்போனது. பள்ளியில் இன்னொரு மொழி படித்தால் பேச்சுத்திறன் தானாக வளரும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோமே, அந்த நம்பிக்கையில் எங்கே ஓட்டை என்று பார்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. ஏனென்றால் சிங்கப்பூர் இந்த ஓட்டையை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, அடைக்க முயன்ற நாடு.

அங்கே தமிழ், நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. 1966 முதல் உயர்நிலைப் பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயம் ஆயிற்று. பிற்பாடு பள்ளிகள் எல்லாம் ஆங்கில வழிக்கு மாறின. கடைசித் தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் பள்ளி 1982இல் மூடப்பட்டது. இப்போது தமிழ்ப் பிள்ளை கணக்கு, அறிவியல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் படிக்கிறது. தமிழுக்குப் பாடத்திட்டத்தில் "தாய்மொழி" என்று பெயர். ஆனால் வீட்டில் அம்மாவும் அப்பாவும் பிள்ளையிடம் ஆங்கிலம் பேசினால், அந்தப் பிள்ளைக்கு அது இரண்டாம் மொழிதான். 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் வீட்டில் அதிகம் பேசுவது தமிழ் என்று சொன்னவர்கள் 3.3 விழுக்காடு. 2020இல் அது 2.5 ஆகக் குறைந்தது. ஆங்கிலம் 32.3இலிருந்து 48.3க்கு ஏறியது.

சீனமும் மலாயும் படிக்கும் பிள்ளைகளுக்கும் இந்தச் சிக்கல் உண்டு. தமிழுக்கு மட்டும் கூடுதலாக ஒரு முடிச்சு. எழுதும் தமிழ் வேறு, பேசும் தமிழ் வேறு. "வந்துகொண்டிருக்கிறேன்" என்று எழுதிவிட்டு "வந்துட்டிருக்கேன்" என்று பேசுகிறோம். நமக்கு இது உறைப்பதே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நாள் முழுக்கத் தாவிக்கொண்டிருக்கிறோம். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைத்தான் இரட்டை வழக்கு என்று விளக்கியது. அரபு மொழியும் சுவிட்சர்லாந்தின் ஜெர்மனும் அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் இருந்தன.

மன்னார்குடிப் பிள்ளை பேச்சுத்தமிழோடு பள்ளிக்கு வருகிறது. பள்ளி எழுத்துத்தமிழைச் சேர்த்துக் கொடுக்கிறது. சிங்கப்பூரில் வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் பேச்சுத்தமிழைக் கொடுப்பது யார்? வீட்டில் இல்லை. பள்ளியோ நெடுங்காலம் அதைக் கொச்சை என்று வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தது. பிள்ளைக்குக் கடைசியில் கிடைத்தது, உலகத்தில் யாரும் யாரிடமும் பேசாத ஒரு தமிழ். அமெரிக்க மொழியியலாளர் ஹெரால்டு ஷிஃப்மன் 2003இல் சிங்கப்பூர்த் தமிழ்க் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நாக்குக் கட்டிப்போன நிலை என்று பொருள்படும்படி அதற்குத் தலைப்பு வைத்தார். பேச்சுத்தமிழுக்கென்றே தனியாக ஓர் இலக்கண நூல் எழுதியவர் அவர்; சொல்வதற்கு உரிமை இருந்தது.

2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தையும் கற்பித்தலையும் ஆராய்ந்த குழு ஒன்று, பேச்சுத்தமிழை வகுப்பறைக்குள் கொண்டுவரலாம் என்றது. நம் ஊரில் இப்படி ஓர் அரசுக் குழு சொல்லியிருந்தால் எத்தனை கண்டனக் கூட்டம் நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அங்கும் முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. எந்தப் பேச்சுத்தமிழ்? தஞ்சாவூரா, ராமநாதபுரமா, யாழ்ப்பாணமா, நேற்று சென்னையிலிருந்து வந்து இறங்கிய கணினிப் பொறியாளர் வீட்டுத் தமிழா? வட்டார வாடையும் சாதி வாடையும் இல்லாத, படித்தவர்கள் பொது இடத்தில் பேசுகிற, வானொலியிலும் தொலைக்காட்சியிலும் காதில் விழுகிற பொதுவான பேச்சு என்று விடை வைத்தார்கள். கேட்பதும் பேசுவதும் அதில். படிப்பதும் எழுதுவதும் எழுத்துத்தமிழில். இரண்டாவது கவலை ஆசிரியர்களுடையது: பேச அனுமதித்தால் கட்டுரையிலும் "போயிட்டாங்க" என்று எழுதிவைப்பார்கள். அது நியாயமான கவலை. எழுதவும் செய்கிறார்கள்.

2010இல் மூன்று தாய்மொழிகளையும் சேர்த்து இன்னொரு மறுஆய்வு நடந்தது. அதற்குப் பிறகு தேர்வே மாறியது. தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் தமிழ்த் தாளுக்கு மொத்தம் 200 மதிப்பெண். கட்டுரைக்கு 40, மொழிப் பயன்பாட்டுக்கும் கருத்தறிதலுக்கும் 90, வாய்மொழிக்கு 50, கேட்டலுக்கு 20. ஆக, காதுக்கும் வாய்க்கும் மட்டும் 70. நூற்றுக்கு முப்பத்தைந்து. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் ஆங்கிலத்தின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே போகிறது. வாயைத் திறக்காமலேயே நூற்றுக்கு நூறு வாங்கிவிடலாம்.

வாய்மொழித் தேர்வு நடக்கும் விதம் சுவாரசியமானது. முதலில் ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்க வேண்டும். அது எழுத்துத்தமிழ்: "சிறுவன் பள்ளிக்குச் சென்றுகொண்டிருந்தான்." பிறகு திரையில் ஒரு சிறிய காணொளி. உணவங்காடியில் சாப்பிட்டவர்கள் தட்டை மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் அதைப் பற்றிப் பேச்சுக் கொடுப்பார். இப்போது பிள்ளை பேச்சுத்தமிழுக்கு மாற வேண்டும்: "அந்தப் பையன் தட்டை எடுக்காம போயிட்டிருந்தான்." நீ என்ன பண்ணியிருப்பே, ஏன், உங்க வீட்ல யாராவது இப்படிச் செஞ்சிருக்காங்களா என்று கேள்விகள் கிளை பிரியும். எந்த இடத்தில் எந்த நடை என்று தெரிந்து மாற்றிக்கொள்வதும் பேச்சுத்திறனில் ஒரு பங்கு. அதையும் சேர்த்தே சோதிக்கிறார்கள்.

கிளை பிரிகிற இடத்தில்தான் டியூஷன் தமிழ் மாட்டிக்கொள்கிறது. அக்காள் மகளின் நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். "நான் இக்காணொளியில் காண்பது யாதெனில்" என்று தொடங்கும் பதில்கள் தலைப்புவாரியாக இருந்தன: சுற்றுப்புறத் தூய்மை, முதியோருக்கு உதவுதல், கைப்பேசியின் தீமைகள். "நீயே எழுதினியா?" என்றேன். "இல்ல மாமா, மெமரைஸ் பண்ணணும்." பாட்டியிடம் சொன்ன "உண்டுவிட்டேன்" எங்கிருந்து வந்தது என்று அப்போது விளங்கியது. பாடத்திட்டம் பேச்சை உள்ளே விட்டாலும், மனப்பாடம் பின்கதவு வழியாக வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவளைக் கிண்டல் செய்ய எனக்குத் தகுதி கிடையாது. பத்து வருடம் பள்ளியில் ஆங்கிலம் படித்தவன் நான். சென்னையில் முதல் நேர்காணலில், எவ்வளவு சம்பளம் எதிர்பார்க்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். வேகமாகக் கேட்டதால் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொல்லுங்கள் என்று கேட்கத் தெரியாமல், "யெஸ் சார்" என்றேன். செயப்பாட்டு வினை தெரியும், அயற்கூற்று வாக்கியம் தெரியும், அந்த ஒரு வாக்கியம் தெரியாது.

படித்தும் பேச வராத இந்த நிலையைக் கனடாவில் பெரிய அளவில் பார்த்தார்கள். 1965இல் கியூபெக் மாகாணத்தின் செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் வீட்டுப் பிள்ளைகளுக்கு எல்லாப் பாடத்தையும் பிரெஞ்சிலேயே நடத்தும் வகுப்பு தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் பிரெஞ்சிலேயே மூழ்கிய இத்தகைய மாணவர்களை ஆராய்ந்த மெரில் ஸ்வெய்ன் 1985இல் சொன்னது: கேட்டுப் புரிந்துகொள்வதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், பேச்சில் பின்தங்குகிறார்கள். காது நிறைந்தால் வாய் தானே பேசிவிடாது. சொல்ல வந்ததைச் சொல்ல முடியாமல் தடுக்கி, வேறு வழி தேடி, எதிரில் இருப்பவருக்குப் புரியும்வரை முட்டிமோத வேண்டும். அந்த முட்டிமோதலுக்கு அந்த வகுப்புகளில் இடம் போதவில்லை.

முட்டிமோத நேரமும் வேண்டும். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளை ஒலிநாடாவில் பதிந்து கேட்டார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் காத்திருந்தது சுமார் ஒரு நொடி. அதற்குள் பதில் வராவிட்டால் வேறு பிள்ளையைக் கேட்டார், அல்லது தானே சொல்லிவிட்டார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசின. அவர்கள் சொந்த மொழியில் படித்தவர்கள். இரண்டாம் மொழியில் சொல்லைத் தேடி எடுக்க வேண்டிய பிள்ளைக்கு ஒரு நொடி எந்த மூலைக்கு?

மூன்று நொடி மௌனம் கேட்பதற்குச் சின்னதாகத் தெரியும். நாற்பது பிள்ளைகள் முன் நின்று பாருங்கள்.

முட்டிமோத இடம் கொடுக்க, இரண்டாம் மொழி வகுப்புகளில் பல நாடுகளிலும் ஆசிரியர்கள் செய்யும் ஒரு விளையாட்டு உண்டு. ஒரே இடத்தின் வரைபடம், இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு படி. ஒருத்தியின் தாளில் இருப்பது மற்றவனின் தாளில் இருக்காது. சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். அவனிடம் லிட்டில் இந்தியா ரயில் நிலையமும் பஃபலோ ரோடும் மட்டும் இருக்கின்றன. அவளிடம் வீரமாகாளியம்மன் கோயில் இருக்கிறது. தாளைக் காட்டக் கூடாது, ஆங்கிலம் கூடாது.

"ஸ்டேஷன்லேர்ந்து நேரா போ."

"எதுவரைக்கும்?"

"சிராங்கூன் ரோடு வர்ற வரைக்கும். அப்புறம் லெஃப்ட்... இல்ல, இடது பக்கம்."

"சோத்துக் கை பக்கமா?"

"இல்ல, மத்த கை!"

இதில் யாரும் முழு வாக்கியம் பேசவில்லை. ஆனால் மூன்று காரியங்கள் நடந்துவிட்டன: ஒருவன் விளக்கம் கேட்டான், ஒருத்தி தன்னைத் திருத்திக்கொண்டாள், சொல் பிடிபடாத இடத்தில் இருவருமாக வேறு சொல் தேடினார்கள். பேச்சுத்திறன் என்று பெரிய பெயரில் சொல்வதன் எலும்பும் தசையும் இவைதான். கேட்பவருக்குப் புரிந்ததா என்று பார்த்துப் பேசும் பழக்கம் ஒரு மொழியில் வந்துவிட்டால் அது அந்த மொழியோடு நிற்காது. சொந்த மொழியில் நமக்கு இது அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. அரை வார்த்தையிலேயே அடுத்தவர் புரிந்துகொள்வார். சொல் போதாத மொழியில்தான் ஆள் முகத்தைப் பார்த்துப் பேசக் கற்கிறோம்.

மூன்றாம் நாள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். தற்செயலாக நான் பக்கத்தில் இருந்தேன். பேத்தி வந்து எதிரில் குந்தினாள். வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாட்டி, அது... கத்தி நிக்குதே, நீங்க மேல ஒக்காந்து வெட்றீங்களே, அதுக்குப் பேரு என்ன?"

அம்மா சிரிக்கவில்லை. "அருவாமனை" என்றார்.

"அருவாமனை. வீட்ல கத்தி இருக்கே, இதுல ஏன் வெட்றீங்க?"

அவ்வளவுதான், அம்மா தொடங்கிவிட்டார். கல்யாணச் சீராக வந்தது, வடுவூர்க் கொல்லர் அடித்தது, ஒரு தடவை பெரியம்மா விரலை நறுக்கிக்கொண்டது, மஞ்சள் பற்றுப் போட்டது என்று மூச்சுவிடாமல் போய்க்கொண்டிருந்தது கதை. பாதியில் பேத்தி கையை உயர்த்தினாள், வகுப்பில் உயர்த்துவது போல.

"பாட்டி, கொஞ்சம் மெதுவா சொல்லுங்க. எனக்குப் புரியல. யாரு விரல்?"