இறக்கத்தில் எஞ்சின்தான் பிரேக்

மலைப்பாதை என்றாலே ஏற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஏறும்போது வண்டி திணறினால் நின்றுவிடும், அவ்வளவுதான். ஓட்டுநரின் திறமைக்கு உண்மையான சோதனை இறக்கத்தில் இருக்கிறது.

இத்தாலியின் ஆல்ப்ஸ் மலையில் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஸ்டெல்வியோ கணவாயையே பார்ப்போம். வியன்னா மாநாட்டுக்குப் பின் லொம்பார்டி பகுதி ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. தன் டிரோல் பகுதியிலிருந்து லொம்பார்டியின் மிலானுக்குச் சொந்த மண் வழியாகவே போய்வர ஒரு சாலை வேண்டும் என்று ஆஸ்திரியப் பேரரசு விரும்பியது. பொறியாளர் கார்லோ டொனேகானி 1820-ல் வேலையைத் தொடங்கி 1825-ல் முடித்தார். அன்று வண்டி இழுத்தவை குதிரைகள். அவை ஏற முடிந்த அளவுக்குச் சரிவைக் குறைக்க வேண்டுமானால் பாதையை நீட்டியாக வேண்டும். அதனால் செங்குத்தான மலைச்சுவரில் சாலையை மடித்து மடித்து ஏற்றினார். அடிவாரத்து ஊரான பிராட்டோ பக்கம் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. சுமார் 25 கிலோமீட்டரில் 1,800 மீட்டர் உயரம். குதிரைக்காகப் போட்ட அந்தக் கணக்கில்தான் இன்றைய காரும் ஓடுகிறது என்பது எனக்குத் தீராத வியப்பு.

ஒன்றரை டன் கார் அந்த 1,800 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்கிட்டால், சுமார் 90 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். பிரேக்கை மட்டுமே நம்பி இறங்கினால் இதில் பெரும்பகுதி டிஸ்க்கிலும் பேடிலும் வெப்பமாக இறங்கும். பேட் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறையும்; கருகிய வாடை வரும். அடுத்த ஆபத்து பிரேக் ஆயிலில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் சேரும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

இதற்கு மருந்து கியரில் இருக்கிறது. ஏறிய கியரிலேயே இறங்கு என்பது நம் மலைப்பாதை ஓட்டுநர்களின் பழைய பாடம். இரண்டாம் கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால், சக்கரங்கள் எஞ்சினைச் சுழற்ற வேண்டியிருக்கும். அந்த உழைப்பிலேயே வேகம் மட்டுப்படும். பெட்ரோல் எஞ்சினில் காற்று வழி மூடிக்கொள்வதால் இழுவை நன்றாகத் தெரியும். டீசலில் அது குறைவு. அதனால்தான் கனரக வண்டிகளில், புகை வெளியேறும் வழியை அடைத்து இழுவையைக் கூட்டும் எக்ஸாஸ்ட் பிரேக் வைக்கிறார்கள். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் கியரைத் தாழ்த்தும் வசதி எங்கே இருக்கிறது என்று மலையேறும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். மின்சாரக் கார் இறக்கத்தில் பேட்டரிக்கே ஆற்றலைத் திருப்பி அனுப்பும். ஆனால் உச்சியில் சார்ஜ் முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அதை வாங்க பேட்டரியில் இடமிருக்காது.

பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுவது பெரும் தவறு. இன்றைய எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளைத் தாமாகவே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எரிபொருள் செலவாகிறது.

பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்காமல், வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்துவிட வேண்டும். இடையில் பேட் ஆற நேரம் கிடைக்கும். கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும், சில நேரம் விரிசலே விடும்.