மாரி ஓய்ந்தபின் முற்றமும் கிணற்றடியும்

மாரி மழை ஓய்ந்து தை பிறக்கும் தறுவாயில், யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலிற் கண்ணிற் படுவது பச்சைப் பாசியாகும். ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழையே குடாநாட்டுக்கு ஆண்டில் கிடைக்கும் மழையின் பெரும்பகுதி. அம்மழையில் ஊறிய சீமெந்து முற்றத்திலும், விறாந்தைப் படியிலும், கிணற்றடியிலும் பாசி படர்ந்துவிடுகின்றது. பொங்கலுக்கு முன் வீடுவாசலைத் துப்புரவு செய்வது நம் முன்னோர் வகுத்த நல்வழக்கம். ஆயினும் அத்துப்புரவை எவ்வாறு செய்கின்றோம் என்பதிலேயே வீட்டாரின் நலமும், குடிக்கும் நீரின் நலமும் தங்கியுள்ளன.

பாசி ஏன் வழுக்குகின்றது? நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் வளரும் இந்நுண்ணுயிர்கள் தம்மைச் சுற்றிப் பசைபோன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன. மழைநீர் பட்டதும் அப்பசை ஊறி, பாதத்துக்கும் தரைக்கும் இடையே மெல்லிய படலமாக நிற்கும். பாதம் தரையைப் பற்ற இயலாமையால் கால் சறுக்குகின்றது. இளைஞர் விழுந்தால் சிராய்ப்போடு எழுந்துவிடுவர். முதியோர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், முன்போல் நடமாடும் பேறு பலருக்கு மீண்டும் வாய்ப்பதில்லை. ஆகவே பாசியை அகற்றுதல் அழகுக்காக மட்டும் செய்யும் வேலை அன்று.

எனினும் அவசரத்தில் சிலர் கையாளும் முறை பாசியினும் கொடியது. கடையில் வாங்கிய அமிலத்தைத் தரையில் ஊற்றுகின்றனர். அது போதாதென்று வெளிற்றும் திரவத்தையும் அதன்மேல் ஊற்றுகின்றனர். இவ்விரண்டும் சேர்ந்தவுடன் குளோரின் வாயு வெளிப்படும். 1915 ஆம் ஆண்டு ஏப்ரல் 22 ஆம் நாள், பெல்ஜியத்தின் ஈப்பர் நகரையடுத்த போர்க்களத்தில் ஜெர்மானியப் படையினர் எதிரிகள்மீது ஏவியது இவ்வாயுவையே. போர்க்களத்தில் உயிர்குடித்த நஞ்சை நம் குளியலறையில் நாமே உண்டாக்கலாமா? வெளிற்றும் திரவத்தோடு அமோனியா கலந்த துப்புரவு நீர்மங்களைச் சேர்ப்பதும் அதேபோல் நச்சுவாயுவைத் தரும். தவறுதலாக இவை கலந்து கடும் நெடி எழுந்தால், உடனே அவ்விடத்தை விட்டுத் திறந்த வெளிக்குச் செல்லவேண்டும். கண் எரிந்தால் தூய நீரால் நெடுநேரம் கழுவுதல் வேண்டும். மூச்சுத் திணறல் தோன்றினால் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து, இலவச நோயாளர் காவு வண்டியை வரவழைக்கலாம்.

அமிலத்தால் வேறொரு கேடும் உண்டு. சீமெந்தும் சுண்ணக்கல்லும் அமிலம் பட்டதும் நுரைத்துக் கரைவன. அன்று தரை பளிச்சென்று தோன்றினும், அதன்மேல் எண்ணற்ற நுண்குழிகள் விழுந்துவிடும். அடுத்த மாரியில் அக்குழிகளில் ஈரம் தங்கும். பாசி முன்னிலும் விரைவாக வேரூன்றும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் மண்ணின் இயல்பை எண்ணுதல் வேண்டும். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு மழைக்காலத்தில் மட்டும் ஓடுவது. மண்ணுக்குக் கீழேயுள்ள சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் தேங்கும் மழைநீரே நம் கிணறுகளை நிரப்புகின்றது. நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் இப்பாறையின் விந்தைகளே. ஆனால் மழைநீர் எளிதில் இறங்கும் அவ்வெடிப்புகளின் வழியே அழுக்கும் எளிதில் இறங்கும். சுன்னாகத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்திருந்த செய்தி, 2015 ஆம் ஆண்டளவில் நம்மை எல்லாம் உலுக்கியதன்றோ? நம் முற்றத்தில் ஊற்றுவது அயல்வீட்டுக் கிணற்றையும் சேரக்கூடும் என்பதை மறத்தலாகாது.

அவ்வாறாயின் செய்யத்தக்கது யாது? மழை விட்டு இரண்டொரு நாள் வெயில் எறித்தபின், தரை உலர்ந்திருக்கும் வேளையில் வேலையைத் தொடங்குக. முதலில் சருகுகளைக் கூட்டி அள்ளுக. உலர்ந்த பாசியைத் தட்டையான பலகைத் துண்டால் சுரண்டி எடுத்து, கிணற்றுக்கு அப்பால் மரத்தடியிற் புதைக்கலாம். பின் இளஞ்சூடான நீரில் சிறிதளவு சவர்க்காரம் கரைத்து, தும்புத்தடியால் தேய்க்க வேண்டும். பிடிப்புள்ள இறப்பர்ச் செருப்பு அணிந்து, வாசற்படியிலிருந்து தொடங்கி, துப்புரவான இடத்தில் நின்றுகொண்டே முன்னேறுக. கழுவிய நீர் கிணற்றுக்கு எதிர்ப்புறமாக ஓடும்படி வாய்க்கால் அமைத்தல் நன்று. சிறுவரையும் முதியோரையும் தரை உலரும்வரை அப்பக்கம் செல்ல விடலாகாது. வெளிற்றும் திரவம் இன்றியமையாததாயின், கிணற்றடியிலிருந்து தொலைவான இடத்தில், குளிர்ந்த நீர் கலந்து, தனியாகவே பயன்படுத்துக.

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் நம் உறவினர் பலருடைய வீட்டின் பின்புறத்தில் பலகை மேடை இருப்பதைக் காண்கிறோம். இக்காலத்தில் அம்மேடைகளை மரத்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்து வார்த்த கலப்புப் பலகைகளாலும் அமைக்கின்றனர். இவை பச்சை மரம்போல் விரைவில் உக்குவதில்லை. எனினும் உள்ளேயுள்ள மரத்தூளிலும் மேலே படியும் அழுக்கிலும் பூஞ்சணம் பிடிக்கும். இவற்றுக்கும் மென்மையான தூரிகையும் சவர்க்கார நீருமே போதுமானவை. கம்பித் தூரிகை கீறலை உண்டாக்கும். வெளிற்றும் திரவம் நிறத்தைக் கெடுக்கும். மிகுந்த அழுத்தத்தோடு பாய்ச்சும் நீர் மேற்பரப்பைப் பிய்க்கும். பலகைகளுக்கு இடையேயுள்ள நீக்கல்களில் அடைந்த சருகை அகற்றினால் நீர் வடிந்து காற்றும் உலாவும். யாழ்ப்பாணத்து முற்றத்துக்கும் தொரன்ரோ மேடைக்கும் நியதி ஒன்றே.

பாசியை ஒருநாளிற் கொல்வதைவிட, அது குடியேறாமற் காப்பதே அறிவுடைமை. முற்றத்தின்மேல் கவிந்த கிளைகளை வெட்டி வெயில் விழச் செய்தலும், நீர் தேங்கும் பள்ளங்களைச் சீமெந்தால் நிரப்புதலும், கிழமைக்கொரு முறை தும்புத்தடியால் தேய்த்தலும் செலவில்லாத மருந்துகள். மாணவர்கள் ஞாயிறுதோறும் அரைமணி நேரத்தை இதற்கு ஒதுக்கினால், பாட்டியின் காலும் தப்பும். பரம்பரைக் கிணறும் தூய்மையாய் நிலைக்கும்.