சிரிப்பை வென்ற பரிசு

நகைப்பு இருவகைப்படும். வீழ்ந்து கிடப்பவனைக் கண்டு நகைப்பது ஒன்று. உயரத்தில் வீற்றிருப்பவனின் செருக்கைக் கண்டு நகைப்பது மற்றொன்று. முன்னது எளியோரைப் புண்படுத்தும். பின்னதோ அவர்களுக்கு ஆறுதல் தரும். இரண்டாம் வகை நகைச்சுவைக்கே தம் வாழ்நாளைத் தந்த அமெரிக்க வானொலிக் கலைஞர் ஒருவரை இத்திங்கள் நம் குடும்பங்களுக்கு அறிமுகம் செய்ய விழைகிறோம். ஃபிரெட் ஆலன் என்பது அவர் மேடைக்கென்று சூட்டிக்கொண்ட பெயர். இயற்பெயர் ஜான் ஃபிளாரன்ஸ் சல்லிவன்.

1894ஆம் ஆண்டு மே 31ஆம் நாள், மாசச்சூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில், அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். மூன்று வயது நிறையுமுன் தாயை இழந்தார். தாயின் உடன்பிறந்தவரே அவரை வளர்த்தார். சிறுவயதில் பாஸ்டன் பொது நூலகத்தில் பணியாற்றினார். பின்னர்ப் பந்துகளை மாறி மாறி வீசிப் பிடிக்கும் வித்தைக்காரராக மேடையேறினார். கை தவறியபோதெல்லாம் தம்மையே கேலி செய்துகொண்டார். உலகிலேயே மிக மோசமான வித்தைக்காரர் என்று விளம்பரமும் செய்துகொண்டார். பிறரை எள்ளுமுன் தம்மை எள்ளக் கற்றவர் அவர்.

1932இல் வானொலிக்கு வந்தார். நிகழ்ச்சிகளின் பெரும்பகுதியைத் தாமே எழுதினார். துணைவியார் போர்ட்லண்ட் ஹோஃபா உடன் நடித்தார். 1942 டிசம்பரில் 'ஆலன் சந்து' என்னும் பகுதி தொடங்கியது. கற்பனைத் தெருவொன்றின் கதவுகளைத் தட்டி, நாட்டு நடப்பைப் பற்றி அங்குள்ளோரிடம் அவர் வினவுவார். பின்னாளில் அச்சந்தில் குடியேறிய வாய்ச்சொல் வீரரான செனட்டர் கிளாக்ஹார்னைக் கேட்டு நாடே நகைத்தது.

வானொலி முதலாளிகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. நிகழ்ச்சிகள் நேரம் கடந்தால் இறுதியில் வெட்டிவிடுவது வழக்கம். அவ்வாறு வெட்டிய நொடிகளையெல்லாம் அதிகாரி ஒருவர் சேர்த்துவைத்து, தம் விடுமுறைக்குப் பயன்படுத்திக்கொள்கிறார் என்று 1947 ஏப்ரல் 20ஆம் நாள் கிண்டல் செய்தார். என்.பி.சி. நிறுவனம் உடனே ஒலிபரப்பைச் சில நொடிகள் நிறுத்தியது. இதைப் பற்றிப் பேசிய பாப் ஹோப், ரெட் ஸ்கெல்டன் ஆகியோரின் வாயும் அடைக்கப்பட்டது. நாடே நகைக்கவே, நிறுவனம் பணிந்தது.

அதிகாரத்தால் அடக்க முடியாத அக்குரலை அடக்கியது எது? 1948இல் ஏ.பி.சி. நிறுவனம் அதே ஞாயிறு மாலை நேரத்தில் 'இசையை நிறுத்து' என்னும் போட்டியைத் தொடங்கியது. பாடல் ஒலிக்கையில் ஏதேனும் ஒரு வீட்டுக்குத் தொலைபேசி அழைப்பு வரும். பாடலின் பெயரைச் சொன்னால் பரிசு. அழைப்பு வருமோ என்று மக்கள் காத்திருந்தனர். தம் நிகழ்ச்சியைக் கேட்டதால் அப்பரிசை இழப்பவருக்கு 5,000 டாலர் வரை ஈடு தருவதாக ஆலன் வேடிக்கையாக அறிவித்தும் பயனில்லை. உடல்நலமும் குன்றியது. 1949 ஜூன் 26ஆம் நாளோடு நிகழ்ச்சி முடிவுற்றது.

1956 மார்ச் 17, புனித பத்ரிசியார் திருநாளன்று இரவு, நியூயார்க் வீதியில் நடந்து செல்கையில் அவர் உயிர் பிரிந்தது, வயது 61. நலிந்த பழைய மேடைக் கலைஞர்களுக்கு ஓசையின்றி உதவிவந்தவர் என்பதை நண்பர்கள் நினைவுகூர்ந்தனர். பெரியோரைக் குத்திய நாவும் எளியோருக்கு ஈந்த கையும் ஒருவருடையனவே.

அன்பர்களே, அவரது குரலை ஓயச் செய்தது கொடுங்கோலன் அல்லன்; இலவசமாக ஏதேனும் கிடைக்காதா என்ற நம்மனைய குடும்பங்களின் ஆசையே. நம் வீட்டில் மாலைப் பொழுதை எதற்காகக் கொடுக்கிறோம் என்று நாமும் ஒருமுறை எண்ணிப் பார்ப்போமா?