சம்பளத்துல வரி மிச்சம். உளுந்து ஆராய்ச்சிக்கு யார் பணம் தருவாங்க?

கீரமங்கலத்தில் இருந்து சென்னைக்கு வேலைக்கு வந்தவருக்கு 2025 மத்திய பட்ஜெட் குஷிதான். புதிய வரி முறையில் ரூ.12 லட்சம் வரை வருமான வரி இல்லை. மாதச் சம்பளக்காரர்களுக்கு ரூ.12.75 லட்சம் வரை. ஊரில் உளுந்து விதைக்கும் அப்பாவுக்கு? விவசாய வருமானத்துக்கு ஏற்கெனவே வருமான வரி கிடையாது.

அரசுக்கு எவ்வளவு இழப்பு?

நேரடி வரியில் சுமார் ரூ.1 லட்சம் கோடி குறையும் என்று அரசே சொன்னது. 2025-26-ல் நிதிப் பற்றாக்குறையையும் ஜிடிபியில் 4.4 சதவீதத்துக்குள் வைக்க வேண்டியிருந்தது. அப்போ வேறு வருவாய் கூடணும், இல்லைன்னா செலவைக் குறைக்கணும்.

ஆராய்ச்சிக்கு எவ்வளவு?

2020-21 கணக்குப்படி, அரசும் தனியாரும் சேர்ந்தே ஜிடிபியில் 0.64 சதவீதம்தான். தனியார் ஆராய்ச்சிக்கு ரூ.1 லட்சம் கோடி திட்டத்தை 2025 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஏற்றது. ஆனால் அது கடனாகவும் முதலீடாகவும் போகும் பணம். லாபம் வரும் இடத்துக்குத்தான் போகும்.

கீரமங்கலத்துக்கு என்ன?

ஆலங்குடி பக்கம் வம்பனில் இருக்கும் தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம், மஞ்சள் தேமல் நோயைத் தாங்கும் உளுந்து ரகங்களைத் தந்திருக்கிறது. அந்த விதையை விவசாயி எடுத்து வைத்து மறுபடியும் விதைக்கலாம். கம்பெனிக்கு அதில் பெரிய லாபம் இல்லை. அதனால்தான் இந்த வேலைக்கு அரசுப் பணம் வேணும். சம்பள ஸ்லிப்பில் மிச்சமானது உடனே தெரியும். நிதி இல்லாமல் வராமல் போன ரகம், வயல் மஞ்சளாகும்போதுதான் தெரியும்.