பாட்டியின் பொடியும் நம் இரத்தமும்

எங்கள் பாட்டி அந்தக் காலத்தில் நெல் மூட்டைக்கு அடியில் பி.எச்.சி. பொடி தூவி வைப்பாராம். "எறும்பு, அந்து ஒண்ணும் அண்டாது கண்ணு" என்று பெருமையாகச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது! அந்தப் பொடியை 1997-லேயே இந்தியா தடை செய்துவிட்டது. விவசாயத்தில் டி.டி.டி.க்குத் தடை வந்தது 1989-ல்.

தடை செஞ்சாச்சே, அப்புறம் என்ன என்கிறீர்களா? 2005-ல் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், பஞ்சாபில் 4 கிராமங்களைச் சேர்ந்த 20 பேரின் இரத்தத்தைச் சோதித்தது. இந்த இரண்டின் எச்சமும் அதில் இருந்தது.

காரணம் கொழுப்பு. உப்பு மாதிரி தண்ணீரில் கரைந்தால் சிறுநீரோடு போய்விடும். இவையோ கொழுப்பில்தான் நன்றாகக் கரையும். மண்ணிலும் சீக்கிரம் சிதையாது. மண்ணிலிருந்து தீவனம், தீவனத்திலிருந்து மாடு, மாட்டிலிருந்து பால், வெண்ணெய், கடைசியில் நாம். நம் கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கி, கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கும். காய்கறியையாவது கழுவலாம், பாலை எப்படிக் கழுவுவது?

தாய்ப்பாலிலும் வரும் என்று படித்ததும் பயந்துவிட்டேன். வீட்டில் 3 மாதத் தங்கச்சிப் பாப்பா இருக்கிறாள். நர்ஸ் அக்காவிடம் ஓடினேன். "அதுக்காகத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாதுப்பா" என்றார். உலக சுகாதார நிறுவனமும் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும் என்றுதான் சொல்கிறது. அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது.

"அப்போ என் ரத்தத்துலயும் இருக்குமாடா?" என்று பாட்டி கேட்டார். "இருக்கலாம் பாட்டி" என்றேன். பரணில் பழைய பொட்டலம் ஒன்று இன்னும் கிடக்கிறதாம். குப்பையில் போட்டால் மறுபடி மண்ணுக்குத்தானே போகும்? என்ன செய்வது என்று அறிவியல் சாரிடம் கேட்டிருக்கிறேன்.