சுவிட்ச் எப்போது கேட்க வேண்டும்?

நெட்வொர்க் சுவிட்ச் செய்வது இரண்டு வேலை. வந்து சேரும் பாக்கெட்டை எந்தப் போர்ட் வழியாக அனுப்புவது என்று முடிவெடுப்பது ஒன்று, அந்த முடிவின்படி அனுப்புவது மற்றொன்று. நெடுங்காலம் இரண்டையும் அந்தந்தப் பெட்டியே செய்தது. முடிவெடுக்கும் மென்பொருள் பெட்டியைத் தயாரித்த நிறுவனத்தின் கையில் இருந்ததால், புதிய வழிமுறையைத் தன் வளாகத்திலேயே சோதித்துப் பார்க்க ஒரு பல்கலைக்கழகத்தால்கூட முடியவில்லை. 2008-ல் ஸ்டான்ஃபோர்டின் நிக் மெக்கியோன், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து எம்.ஐ.டி.யில் பேராசிரியரான ஹரி பாலகிருஷ்ணன் உள்ளிட்ட எட்டுப் பேர் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒரு வழி சொன்னது. முடிவெடுக்கும் பொறுப்பைத் தனிக் கணினியில் ஓடும் கன்ட்ரோலரிடம் விட்டுவிடலாம். சுவிட்சும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ள அவர்கள் வகுத்த மொழிதான் ஓபன்ஃப்ளோ.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் சுவிட்ச் உத்தரவு கேட்டு நின்றால் வேகம் என்னாவது என்ற கேள்வி உடனே எழும். நியாயமான கேள்விதான். ஆனால் இந்த மொழி அடிக்கடி கேட்பதற்காக உருவானதல்ல. முதலில் சுவிட்ச் கன்ட்ரோலருக்கு ஒரு டி.சி.பி. இணைப்பை ஏற்படுத்துகிறது. இரண்டும் ‘ஹலோ’ சொல்லி, இரண்டுக்கும் தெரிந்த ஓபன்ஃப்ளோ பதிப்பை முடிவு செய்துகொள்கின்றன. ‘உன்னிடம் என்னென்ன வசதி இருக்கிறது?’ என்று கன்ட்ரோலர் கேட்க, சுவிட்ச் தன் அடையாள எண்ணையும் அனுப்பும் விதிகளை எழுதிவைக்கத் தன்னிடமுள்ள அட்டவணைகளின் எண்ணிக்கையையும் சொல்கிறது. பிறகு, எந்த விதியிலும் அடங்காத ஒரு பாக்கெட் வந்தால், ‘பாக்கெட்-இன்’ என்ற செய்தியாக அதை மேலே அனுப்பலாம். கன்ட்ரோலர் ‘ஃப்ளோ-மாட்’ செய்தியில் பதில் தருகிறது: 10.0.0.5 முகவரிக்குப் போவதையெல்லாம் 3-ஆம் போர்ட்டில் விடு, 60 விநாடி எதுவும் வராவிட்டால் இந்த விதியை அழித்துவிடு. அடுத்து வரும் பாக்கெட்டுகள் கன்ட்ரோலர் பக்கமே போவதில்லை. சுவிட்சின் சிப்பே தன் அட்டவணையைப் பார்த்து அனுப்பிவிடுகிறது.

அந்த முதல் பாக்கெட்டின் தாமதம் மட்டும் போகாது. கண்டபடி முகவரிகளை மாற்றி மாற்றி யாராவது பாக்கெட்டுகளை இறைத்தால், எல்லாமே ‘முதல் பாக்கெட்’ ஆகிக் கன்ட்ரோலர் திணறிப்போகும். இந்த ஆட்சேபத்துக்குப் பதில், கேட்கும்வரை காத்திராமல் விதிகளை முன்கூட்டியே எழுதிவைப்பதுதான். கூகுள் தன் டேட்டா சென்டர்களை இணைக்க ஓபன்ஃப்ளோவைக் கொண்டு அமைத்த ‘பி4’ நெட்வொர்க்கைப் பற்றி 2013-ல் விவரமாக வெளியிட்டது. இத்தகைய நீண்டதூர இணைப்புகள் வழக்கமாக 30 முதல் 40 சதவீதம்தான் பயன்படும் நிலையில், பி4-ல் பல இணைப்புகள் 100 சதவீதத்தை நெருங்கி ஓடின. நெட்வொர்க் முழுவதையும் பார்க்கும் இடத்திலிருந்து பாதைகளை முன்பே கணக்கிட்டதன் பலன் அது. எனவே, கன்ட்ரோலரின் திறமையை அது எத்தனை கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று அளப்பதைவிட, எத்தனை கேள்விகளை எழாமலே செய்கிறது என்று அளப்பதே சரி என்பேன்.

கன்ட்ரோலரே செயலிழந்துவிட்டால்? ‘எக்கோ’ செய்திகளுக்குப் பதில் வராதபோது சுவிட்சுக்கு அது தெரிந்துவிடும். இருக்கும் விதிகளின்படி தொடர்ந்து இயங்குவதா, சாதாரண சுவிட்சாக மாறிவிடுவதா என்பதை முன்பே அமைத்து வைக்கலாம். மாற்றுக் கன்ட்ரோலரும் வைத்துக்கொள்ளலாம். இதைவிட என்னை உறுத்துவது, அதிகம் பேசப்படாத வேறொரு சிக்கல். பாதையை மாற்றும்போது, கடைசி சுவிட்சில் விதி ஏறும்முன் முதல் சுவிட்ச் போக்குவரத்தைத் திருப்பிவிட்டால் பாக்கெட்டுகள் நடுவழியில் தொலைந்துபோகும். வரும் செய்திகளைச் சுவிட்ச் வரிசை மாற்றிச் செய்யவும் ஓபன்ஃப்ளோ இடம் தருகிறது. அதனால்தான் ‘பேரியர்’ என்ற செய்தி இருக்கிறது: இதுவரை சொன்னதையெல்லாம் முடித்துவிட்டுப் பதில் கொடு. கன்ட்ரோலர் பாதையின் கடைசியிலிருந்து தொடங்கி, அந்தப் பதில் வந்தபின் முன்னால் உள்ள சுவிட்சுக்கு வர வேண்டும். ஆனால் சில சுவிட்சுகள் சிப்பில் விதி ஏறும்முன்பே ‘முடிந்தது’ என்று பதில் அனுப்பியது சோதனைகளில் தெரியவந்தது. இதற்கு ஆய்வாளர்கள் கண்ட வழி, அந்தப் பதிலை மட்டும் நம்பாமல் ‘பாக்கெட்-அவுட்’ என்ற செய்தி மூலம் ஒரு சோதனைப் பாக்கெட்டைப் புதிய பாதையில் அனுப்பி, அது மறுமுனையிலிருந்து ‘பாக்கெட்-இன்’ ஆகத் திரும்பி வந்த பிறகே உண்மையான போக்குவரத்தை அங்கே திருப்புவது.